ஆரும் எடுக்கலைங்க

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க அம்மிணி, எனக்குக் காத்து மூஞ்சில அடிச்சா ஆகாது. தாராபுரமா? நானும் அங்கதான் எறங்கோணும். எறங்கி மறுக்கா ஒரு டவுன் பஸ் புடிக்கோணும். ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஐயோ, சீக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சக்கரை இருக்குது, அதுக்குத் திருப்பூருலயே பெரிய டாக்டரு இருக்காரு. இது கவர்மெண்டு ஆஸ்பத்திரி, சின்னது. அங்க ஒருத்தி நர்சா இருக்கா. அவளப் பாக்கோணும்.

ஒறம்பரையா, சொந்தக்காரியான்னு கேக்கறீங்க. நல்லாக் கேட்டீங்க போங்க. என்ற தங்கச்சியக் கொன்னவ.

அப்படி முழிக்காதீங்க. சத்தமாச் சொல்லிட்டனா? கேக்கட்டும், பஸ்ஸுல இருக்கறவங்க எல்லாரும் கேக்கட்டும். நான் இத ஒளிச்சு மறைச்சுச் சொல்றவ இல்லீங்க. அவ வேலை பாத்த ஆஸ்பத்திரில சொன்னேன், அவ குடியிருந்த வீதில சொன்னேன், அவளக் கட்டிக்க இருந்தவன் வூட்டு வாசல்லயே நின்னு சொன்னேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன?

என்ற பேரு பாவாத்தா. பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறேன். தங்கச்சி தெய்வாத்தா, தெய்வான்னுதான் கூப்புடுவோம். அதே கம்பெனில டைலரு. அவ ஊட்டுக்காரர லாரி அடிச்சுப் போட்டுருச்சு. அப்ப இருந்து அவளும், அவ புள்ள இலக்கியாவும் என்ற வூட்டுலதான். எனக்குக் கொழந்தை குட்டி இல்லீங்க. எங்கூட்டுக்காரரு மில்லு வாட்சுமேனு, வாயில்லாத மனுசன், அவர வுடுங்க. இலக்கியாவ நான்தான் வளத்தேன். தலை பின்னி, சோறு கட்டிக் குடுத்து, இஸ்கோலுக்குத் தாட்டி விட்டதெல்லாம் நானு.

எங்க வீதில ஒரு வருசம் டெங்கு வந்து வூட்டுக்கு ஒருத்தரு படுத்தாங்க. பக்கத்து வூட்டுச் சின்னப் பையன் ஒருத்தன் போயே போயிட்டான். அந்த நேரம் பாத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரில இருந்து ஆளுங்க வந்தாங்க. டெங்குக்குப் புதுசா தடுப்பூசி கண்டுபுடிச்சிருக்கு, அது ட்ரையல்ல இருக்குது, யாருக்கு இஷ்டமோ அவிங்க பேரு குடுக்கலாம்னாங்க. எங்களுக்கு ட்ரையல்னா கம்பெனில மொதப் பீசு தெச்சுப் பாக்கறது மட்டுந்தான் தெரியும். சரி, புது மருந்து, ஓசில போடறாங்க, பெரிய டாக்டரே வந்து நிக்கறாருன்னு வீதியே பேரு குடுத்துச்சு. சக்கரை இருக்கறதால என்னய வேண்டாமுன்னுட்டாங்க. தெய்வாவ எடுத்துக்கிட்டாங்க.

அங்கதான் அவளப் பாத்தேன். வினோதினின்னு பேரு. கோஆர்டினேட்டராம். நர்சுக்குப் படிச்ச புள்ள, கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு, கைல பேப்பர வெச்சுக்கிட்டு. எதுக்க ஒரு கேமராவ நிறுத்தி வெச்சுட்டு அந்தப் பேப்பரப் படிக்க ஆரம்பிச்சா பாருங்க, படிக்கறா படிக்கறா, படிச்சுக்கிட்டே இருக்கறா. தெய்வா பக்கத்துல நானும் உக்காந்திருந்தேன். 'அக்கா, இதுல பாதிப் பேருக்கு மருந்து விழுகும், பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி விழுகும், உங்களுக்கு எது விழுந்துச்சுன்னு எனக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது, புரிஞ்சுதுங்களா'ன்னு கேட்டா. தெய்வா சிரிச்சுக்கிட்டே புரிஞ்சுதுங்கன்னா. அந்தப் புள்ள வுடல. 'என்ன புரிஞ்சுதுன்னு நீங்களே சொல்லுங்க'ன்னு மறுக்கா ஆரம்பிச்சா. கம்பெனிக்கு அரை நேரம் பெர்மிசன்ல வந்திருக்கோம், பஸ் போயிருமேன்னு எனக்கு. 'படிச்சது போதும் கண்ணு, கையெழுத்து எங்க போடோணும் காட்டு'ன்னேன். அப்பப் பாத்து டாக்டரு உள்ள வந்தாரு. 'ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, எல்லாம் பாதுகாப்பானது, நான் இருக்கேன்ல'ன்னாரு. மனுசன்னா அவரு. ரெண்டே வார்த்தை, மனசு குளுந்து போச்சு. தெய்வா கையெழுத்துப் போட்டா.

ஊசி போட்டாச்சு. பொறவு மறு ஊசி, நடுவுல ரத்தமும் எடுத்தாங்க. அப்பறம் வாரா வாரம் இந்த வினோதினி ஃபோனு பண்ணுவா. காச்சல் இருக்கா, தலைவலி இருக்கா, கை வீங்கியிருக்கா. தெய்வாவுக்கு அந்த ஃபோனு வந்துட்டாப் போதும், மொகம் மலந்துரும். மொட்டை மாடிக்குப் போயிருவா, அங்க நின்னுக்கிட்டு ஒரே சிரிப்பு. காச்சல் இருக்குதான்னு கேக்கறதுல அவ்வளவு நேரம் சிரிக்க என்னங்க இருக்குது? இவ புருசன் செத்த கதை, புள்ளையப் படிக்க வெக்கற கதை, எல்லாத்தையும் அவகிட்டக் கொட்டுவா. எங்கிட்டச் சொல்லாததெல்லாம் அவகிட்டச் சொல்லுவா. 'வினோ அப்படிச் சொல்லுச்சுக்கா, வினோ இப்படிச் சொல்லுச்சுக்கா.' அந்த வினோ வூட்டுக்கு வந்தா இலக்கியாவுக்குக் கணக்குச் சொல்லிக் குடுப்பா. நான் காப்பி போட்டுக் குடுத்துட்டு அடுப்பங்கரையில நிக்கோணும். எனக்கு அப்பவே தெரியும் அம்மிணி, இந்தப் புள்ள நல்ல புள்ள இல்லைன்னு. அட, கூடப் பொறந்தவ நானிருக்கறப்ப ஊரான் வூட்டுப் புள்ளைக்கு இங்க என்ன சோலி?

அடுத்த மழைக்கு வீதில திருப்பியும் டெங்கு. எங்களுக்குப் பயமே இல்லீங்க. ஊசி போட்டாச்சே! தெய்வாவுக்குக் காச்சல் வந்தப்பக்கூட, 'இது சும்மா மழைக்காச்சல், ஊசி போட்டவளுக்கு டெங்கு எப்படி வரும்'னு நான்தான் சொன்னேன். நெலவேம்பு காச்சிக் குடுத்தேன். அவ வினோகிட்ட ஃபோனுல சொல்லியிருப்பா போல. ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் குடுக்கச் சொல்லுதுக்கான்னா. கம்பெனில ஷிப்மெண்டு நேரம், ஆளுக்கு ஆளு பறக்கறாங்க. ரத்தம் குடுத்துக் குடுத்துத்தான் நீ எளைச்சுப் போயிட்ட, படுத்துத் தூங்குன்னுட்டேன். தப்பா? நீங்களே சொல்லுங்க.

ரெண்டு மூணு நாள்ல காச்சல் வுட்டுருச்சு. ஒடம்பு குளுந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அசந்து தூங்கறா. நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்தவ, அவ தலமாட்டுல உக்காந்திருக்கறேன். இலக்கியாவுக்கு லீவு, அக்கட்டால உக்காந்து படிச்சுக்கிட்டிருக்குது. தெய்வா ஃபோனு அடிக்குது. எடுத்தா, இவ.

'அக்கா, தெய்வாக்கா எப்படி இருக்காங்க?'

'காச்சல் வுட்டுருச்சு. தூங்கறா.'

'ஐயோ, காச்சல் விட்டப்பறம்தாங்கக்கா ஆபத்து. வயித்து வலி இருக்குதா? வாந்தி எடுத்தாங்களா? எழுப்பிப் பாருங்கக்கா. நான் சேலத்துல இருக்கேன், இப்பவே ஆம்புலன்சு சொல்லி அனுப்பறேன்.'

காச்சல் வந்தா ஆபத்துன்னு கேட்டிருக்கோம். வுட்டா ஆபத்துன்னு எந்த ஊர்லயாச்சும் கேட்டிருக்கீங்களா அம்மிணி? நல்லா இருக்கற வூட்டுக்கு ஆம்புலன்சு அனுப்பறாளாம். வீதி என்ன பேசும்? 'எங்கூட்டுச் சோலிய நாங்க பாத்துக்கறோம், நீ உன்ற சோலியப் பாரு'ன்னு வெச்சுட்டேன். மறுபடியும் அடிச்சா. மறுபடியும் அடிச்சா. தூங்கறவ எந்திரிச்சுருவாளேன்னு ஃபோனச் சத்தம் வராம அமுக்கி வெச்சுட்டு, எங்கூட்டுக்காரரப் பாத்துக்கச் சொல்லிட்டு கம்பெனிக்குப் போயிட்டேன்.

பொழுதெறங்க வந்து பாத்தா கை காலெல்லாம் ஐஸாட்ட இருக்குது. பேச்சு வர்ல. வயிறு கல்லாட்ட. ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்ளயே ரத்தம் கசிஞ்சுருச்சுன்னாங்க. பிளேட்லெட்டு எறங்கிப் போச்சுன்னாங்க. பாட்டிலு பாட்டிலா ஏத்தினாங்க. வர்ல. என்ற கைய அவ புடிக்கக்கூட இல்ல அம்மிணி.

...இல்ல, இருக்கட்டும். தண்ணி எங்கிட்டயே இருக்குது.

காரியமெல்லாம் முடிஞ்ச பொறவு டாக்டரு கூப்புட்டு வுட்டாரு. ரூமுக்குள்ள போனதும் எந்திரிச்சு நின்னு கும்புட்டாரு. அத்தாம் பெரிய டாக்டரு, எனக்கு! டீ வரச் சொன்னாரு. 'அம்மா, கம்ப்யூட்டர்ல அவங்க பேரத் தொறந்து பாத்துட்டோம். உங்க தங்கச்சிக்கு விழுந்தது மருந்து இல்லம்மா. உப்புத்தண்ணி'ன்னாரு.

எனக்கு ஒண்ணும் வெளங்கல. தண்ணிய எதுக்குங்க ஊசில போடோணும்? அவரு பொறுமையாச் சொன்னாரு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குத் தண்ணி. பொறவு எந்தப் பக்கத்துல டெங்கு ஜாஸ்தி வருதுன்னு பாப்பாங்களாம். தண்ணிப் பக்கத்துல ஜாஸ்தி வந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமாம். உலகத்துல எல்லாப் பக்கமும் இப்படித்தானாம், இதுதான் நேர்மையான வழியாம். நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். கேக்கக் கேக்க ஒண்ணுதான் தோணுச்சு. அப்ப என்ற தங்கச்சி செத்தது அவிங்க மருந்துக்கு ஒரு மார்க்கு. அவ்வளவுதான?

'எங்களுக்கு இத ஆரும் சொல்லலீங்களே'ன்னேன்.

அவரு டீய என்ற பக்கமா நகத்தி வெச்சாரு. பொறவு, 'இதையெல்லாம் புரிய வெச்சு, காய்ச்சல்னா ஒடனே கூட்டிட்டு வர வேண்டியது கோஆர்டினேட்டரோட பொறுப்பும்மா. எனக்கும் ரொம்ப வருத்தமா இருக்கு'ன்னாரு.

கோஆர்டினேட்டரு. அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அதுவரைக்கும் நெஞ்சு பூராத் தீயா இருந்துச்சு, எங்க கொண்டு போயி எறக்கி வெக்கறதுன்னு தெரியாம அலைஞ்சேன். அவரு எடத்தக் காமிச்சுட்டாரு. அவரு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. இன்னிக்கும் என்ற சக்கரைக்கு அவருதான் பாக்கறாரு. சீட்டு வாங்கக்கூட வரிசைல நிக்க வெக்க மாட்டாரு.

நான் எழுதிக் குடுத்தேன். அந்த ஆஸ்பத்திரில எத்திக்ஸ் கமிட்டின்னு ஒண்ணு இருக்குது. இந்த மாதிரி ட்ரையல்ல தப்புத் தண்டா நடந்தா விசாரிக்கறவங்க. ஏசி ரூமு, நீள மேசை. வக்கீலு ஒருத்தரு, காலேசு டீச்சரம்மா ஒருத்தங்க, மத்ததெல்லாம் டாக்டருங்க. நான் இலக்கியாவ இஸ்கோல்ல இருந்து அப்படியே யூனிபாரத்தோட கூட்டிக்கிட்டுப் போனேன். தாயில்லாத புள்ளைய அவிங்க கண்ணால பாக்கட்டும்னு.

வினோதினி வந்து நின்னா. அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கெடக்குது. அழுதா? அழட்டும். வக்கீலு கேட்டாரு, அவ சொன்னா: 'சார், வீதில இருக்கறவங்க எல்லாரும் தங்களுக்கு மருந்து போட்டாச்சுன்னுதான் நெனைச்சுட்டு இருக்காங்க. அதனால காய்ச்சல் வந்தாலும் வர மாட்டேங்கறாங்க. எல்லாரையும் ஒண்ணாக் கூப்பிட்டு வெச்சு மறுபடியும் எடுத்துச் சொல்லலாம்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். அப்படிச் சொன்னா பாதிப் பேரு விலகிருவாங்க, அப்பறம் பாக்கலாம்னு சொன்னாருங்க.'

டீச்சரம்மா டாக்டரத் திரும்பிப் பாத்தாங்க. டாக்டரு, 'அப்படி ஒரு பேச்சு நடந்ததா எனக்கு ஞாபகம் இல்ல'ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தான் தப்பிச்சுக்க, கும்புட்டுக் கும்புட்டுப் பேசற மனுசன மாட்டி விடறா! நான் எந்திரிச்சு நின்னு, 'டாக்டரச் சொன்னீன்னா நாக்கு அழுகிப் போயிரும்'னு கத்தினேன். வக்கீலு என்னய உக்காரச் சொன்னாரு.

அப்பறம் டீச்சரம்மா கேட்டாங்க, 'அவங்களுக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சதும் நீங்க என்ன பண்ணினீங்க?'

'டாக்டருக்குச் சொன்னேன் மேடம். நான் அந்த வாரம் சேலத்துல ட்ரையலுக்கு ஆள் சேத்துக்கிட்டு இருந்தேன். தெய்வாக்காவுக்கு ஃபோன் பண்ணினேன்.'

'யாரு எடுத்தாங்க?'

இப்பத்தான் நீங்க நல்லாக் கேக்கோணும் அம்மிணி. அவ என்னயப் பாத்தா. என்ற பக்கத்துல உக்காந்திருந்த இலக்கியாவப் பாத்தா. அது யூனிபாரத்துல உக்காந்துக்கிட்டு, என்ற முந்தானைய இறுக்கிப் புடிச்சிருக்குது. அவ ரொம்ப நேரம் அந்தப் புள்ளையவே பாத்தா. பொறவு தலையக் குனிஞ்சுக்கிட்டா.

'ரிங் போச்சு மேடம். ஆரும் எடுக்கலைங்க.'

பொய்யி! பச்சைப் பொய்யி! எடுத்தது நானு. எங்கிட்டத்தான பேசினா? அத்தன பேரு முன்னால வாய் கூசாமச் சொல்றா. 'உங்க ஃபோனக் காட்டுங்க'ன்னு டீச்சரம்மா கேட்டாங்க. அது ரிப்பேருங்க மேடம்னுட்டா. ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதவ எதுக்குங்க ஃபோன ஒளிக்கறா? நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க.

நான் ஏன் எந்திரிச்சுச் சொல்லலைங்கறீங்களா? நான் எதுக்குச் சொல்லோணும்? என்னயவா விசாரிக்கறாங்க? அவளத்தான விசாரிக்கறாங்க. ஒரு தடவைக்கு ரிங் விட்டுட்டுச் சும்மா இருந்துட்டா, ஆம்புலன்சு அனுப்பல, ஆளனுப்பல, கடமை தவறிட்டான்னு எழுதி அவள வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்க. அன்னிக்கு வெளிய வந்து, நான் கோயில்ல தேங்கா ஒடச்சேன். ஆஸ்பத்திரில இருந்து எனக்கு ஏதோ பணம் குடுக்கறேன்னாங்க. வேண்டாமுன்னுட்டேன். நான் கேட்டது வேற.

வேலை போனது பத்துமா? என்ற தங்கச்சிக்கு உசுரு போச்சு, இவளுக்கு வேலை போனா சரியாயிருமா? அவ குடியிருந்த வீதிக்குப் போனேன். வூட்டு ஓனரம்மாகிட்ட தெய்வா போட்டோவக் காட்டி, 'இவளத் தண்ணி ஊசி போட்டுக் கொன்னவளத்தான் நீங்க குடி வெச்சிருக்கறீங்க'ன்னேன். வீதியே கூடிருச்சு. அவ மேல இருந்து எட்டிப் பாத்தா, உள்ள போயிட்டா. அடுத்த மாசமே காலி பண்ணிட்டாங்க.

அப்பறம் காங்கேயத்துல மாப்பிள்ளை பாத்து நிச்சயம் பண்ணியிருக்காங்கன்னு தெரிஞ்சுது. எப்படித் தெரிஞ்சுதுன்னா, நான் தேடித் தெரிஞ்சுக்கிட்டேன். மாப்பிள்ளை வூடு பெரிய வூடு. அவிங்கம்மா என்னயத் தண்ணி குடுத்து உக்கார வெச்சாங்க, நல்ல மனுசி. போட்டோவ அவிங்க மடில வெச்சேன். 'நாளைக்கு உங்க பேரன் பேத்திக்குக் காச்சல் வந்தா இவதான் பாப்பா'ன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. போட்டோவையே அந்தம்மா பாத்துக்கிட்டிருந்தாங்க. கல்யாணம் நின்னுருச்சு. வினோதினி திருப்பூர வுட்டே போயிட்டாங்கற சேதி வந்த அன்னிக்கு அம்மிணி, தெய்வா போனதுல இருந்து தூங்காதவ, அன்னிக்குத்தான் அடிச்சுப் போட்டாப்புல தூங்கினேன்.

எங்க வீதிக்கு அப்பறம் நான்தான் காவலு. எந்த ஆஸ்பத்திரில இருந்து ஆரு வந்தாலும் சரி, ட்ரையலுன்னு சொல்லிட்டு உள்ள நொழைய முடியாது. போலியோ சொட்டு மருந்துக்கு வந்த புள்ளைங்களையே வெரட்டி முடுக்கி விட்டுட்டேன். அது வேற, இது வேறன்னு சொல்றாங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.

அப்பறம் அந்த மருந்து வேலை செய்யுதுன்னு ஆகிப் போச்சு. ஆகாம? மார்க்கு எங்கூட்டுல இருந்தே போயிருக்குதே. டாக்டருக்கு மால போட்டுப் பேப்பர்ல படம் வந்துச்சு. நல்லா இருக்கட்டும். தண்ணி விழுந்தவங்களுக்கெல்லாம் இப்ப நெசமான மருந்த ஓசில போடறோம், வாங்கன்னு வீதிக்கு ஆள் வந்துச்சு. நான் குறுக்க நின்னுட்டேன். ஒருத்தரும் போகல.

ஒருத்தரும்னா, ஒருத்தியத் தவிர.

இலக்கியா. ப்ளஸ் டூ முடிச்சுப் போட்டு நர்சிங்குதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. வேண்டாண்டி, அந்தப் பொழப்பு வேண்டாண்டின்னேன். கேக்கல. தாராபுரத்துல சேந்து ஹாஸ்டல்ல இருந்துச்சு. லீவுக்கு வந்தப்ப ரவிக்கைய மாத்தறப்பப் பாக்கறேன், கைல ஊசி குத்துன எடம் தடிச்சுச் செவந்திருக்குது. என்னடி இதுன்னேன்.

'டெங்கு ஊசி பெரீம்மா.'

'ஆரு போட்டா?'

'வினோக்கா.'

அவ அந்தப் பக்கம் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரில காண்ட்ராக்டு நர்சா இருக்கறாளாம். இது தேடிப் போயிருக்குது. வாராவாரம் போயி உக்காந்து பேசிட்டு வருதாம். பெத்தவளக் கொன்னவ கைல கையக் குடுத்து ஊசி போட்டுக்கிட்டு வந்து நிக்குது! ஓங்கி ஒண்ணு வுட்டேன். அது அழவே இல்ல.

'எங்கம்மாவுக்குக் கெடைக்காத ஊசி இதுதான பெரீம்மா. நான் போட்டுக்கிட்டேன்.'

'உங்கம்மாவக் கொன்னதே அவதான்டி!'

'ஃபோன எடுத்தது நீதான?'

மெதுவாத்தான் கேட்டுச்சு. சோறு போடறயான்னு கேக்கற மாதிரி.

'நான் அங்கதான உக்காந்து படிச்சுட்டு இருந்தேன். ஆம்புலன்சு அனுப்பறேன்னு அந்தக்கா சொன்னது எனக்கே கேட்டுச்சு. நீ வெச்சுட்ட. கமிட்டில அந்தக்கா உன்னயக் காட்டிக் குடுக்கல பெரீம்மா. நான் போயிக் கேட்டேன், ஏன் சொல்லலைன்னு. உனக்கு இருக்கறது உங்க பெரீம்மா ஒருத்தர்தான, அவிங்களையும் நான் எடுத்துட்டா நீ ஆரு வூட்டுல இருப்பேன்னாங்க.'

பாத்தீங்களா? பாத்தீங்களா அம்மிணி, எப்படிப் பேசி மயக்கி வெச்சிருக்கறான்னு? என்னயக் காட்டிக் குடுக்கறதுக்கு என்னங்க இருக்குது? நான் என்ன பண்ணினேன்? ஃபோன எடுத்தேன், தூங்கறான்னு சொன்னேன். தூங்கறவளத் தூங்கறான்னுதான சொல்லோணும்? மொதல்ல தங்கச்சிய எடுத்துக்கிட்டா. இப்பப் புள்ளையவும் எடுத்துக்கிட்டா. அது பைய எடுத்துக்கிட்டுப் போனதுதான், நோம்பி, பொங்கலுக்குக்கூட வூட்டுக்கு வர்றதில்ல. எங்கூட்டுக்காரரு மட்டும் போயிப் பாத்துட்டு வர்றாரு, எங்கிட்ட வாயத் தொறக்கறதில்ல.

இதுக்கப்பறமும் நான் கம்முனு இருப்பனா? மொதத் தடவை போனப்ப புதன்கெழமை. கொழந்தைங்களுக்குத் தடுப்பூசி போடற நாளு, வேப்பமரத்தடில பொம்பளைங்க புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு வரிசையா நிக்கறாங்க. நெறையாக் கூட்டம். எனக்கு அதுதான வேணும்? நடுவுல போயி நின்னு போட்டோவத் தூக்கிப் புடிச்சுச் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். புள்ளைங்க அழுகுது, பொம்பளைங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க. ரெண்டு மூணு பேரு வரிசைல இருந்து வெலகிப் புள்ளையத் தூக்கிக்கிட்டு நடையக் கட்டினாங்க. அவ ஓடிப் போயி அவிங்களக் கையப் புடிச்சுக் கூப்புடறா, நிக்கல.

பொறவு எங்கிட்ட வந்தா. மெலிஞ்சு துரும்பாட்ட ஆயிட்டா. ஒரு நாற்காலியக் கொண்டாந்து நெழல்ல போட்டா.

'உக்காருங்கக்கா. வெயில்ல வந்திருக்கீங்க. சக்கரை மாத்திரை போட்டீங்களா?'

நான் ரெடியா இருந்தேன் அம்மிணி. அவ என்ன சொல்லுவா, நீதான ஃபோன வெச்சேன்னு அத்தனை பேரு முன்னாலயும் கேப்பா, நான் என்ன சொல்லோணும்னு பஸ்ஸுல வர்றப்பவே ஒவ்வொரு வார்த்தையாக் கட்டி வெச்சிருந்தேன். அவ கேக்கறது சக்கரை மாத்திரை!

'மாத்திரை கெடக்கட்டும்'னேன். 'கமிட்டில சொன்னியே, ஆரும் எடுக்கலைன்னு. அது பொய்யா இல்லியா? இவிங்க முன்னால சொல்லு.'

கூட்டமே அவ வாயப் பாக்குது. அவ என்ற மொகத்தப் பாத்தா. சொல்லு, சொல்லித் தொலைன்னு இருக்குது எனக்கு.

'பொய்யில்லைங்கக்கா'ன்னா. 'ஆரும் எடுக்கலைங்க.'

சொல்லிப் போட்டு, திரும்பிப் போயி, அடுத்த புள்ளையோட தொடையப் பஞ்சுல தொடைச்சுக்கிட்டிருந்தா.

அதுல இருந்து புதன்கெழமை ஆனா நான் இந்த பஸ்ஸுலதான் அம்மிணி. கம்பெனில லீவு குடுக்கறதில்ல, குடுக்காட்டிப் போகுது. இப்பல்லாம் கத்தறதில்லீங்க. நாற்காலி போடுவா, உக்காந்துக்குவேன். கூட்டம் ஓயற வரைக்கும் அவளையே பாத்துக்கிட்டிருப்பேன். ஓஞ்சதும் அதே கேள்விதான் கேப்பேன். அவளும் அதேதான் சொல்லுவா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. வேலை போச்சு, கல்யாணம் போச்சு, ஊரு போச்சு, இன்னும் அந்தப் பொய்ய வுட மாட்டேங்கறா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இனி அவள ஒண்ணும் பண்ண மாட்டேன். பாவாத்தாதான் எடுத்தா, நான் சொன்னேன், அவதான் வெச்சுட்டான்னு, ஒரே ஒரு தடவை, நாலு பேரு கேக்க அவ வாயால சொல்லட்டும். அதச் சொல்லாம என்னய இப்படி உசுரோட வெச்சுக் கொல்றாளே, இவளப் போயி எல்லாரும் நல்லவ நல்லவங்கறாங்க.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு, பைய எடுத்துக்குங்க அம்மிணி. நான் பின்னால எறங்கிக்கறேன்.